நூற்றொரு ரூபாயும் கோட்டையூர் ஜிம்மியும்: ஒரு நாய்ப் படப் போட்டியின் கணக்கு

போட்டி தொடங்கிய இரண்டாம் நாள் இரவு, கடையை அடைத்துவிட்டுக் கணக்கைத் திறந்தேன். கோட்டையூர் ஜிம்மி மற்ற நாய்களை எல்லாம் எங்கோ பின்னால் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஜிம்மி ஒரு பொமரேனியன், வயது பதினொன்று. வந்திருந்த படத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. முகம்கூடச் சரியாகத் தெரியாது, வாலும் முதுகும்தான். அந்தப் படத்துக்கு 43 பேர் பணம் போட்டிருந்தார்கள், மொத்தம் 10,643 ரூபாய். இரண்டாம் இடத்து நாய்க்கு அதில் கால்வாசிகூட வரவில்லை.

ஜிம்மியின் சொந்தக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு முன்னாலேயே கணக்கைப் பார்த்துவிட்டார். “தம்பி, நம்ம பய மேல ஊருக்கு இவ்வளவு பிரியம் இருக்கும்னு நினைக்கவே இல்லை” என்று போனில் சொன்னபோது குரல் தழுதழுத்தது. எனக்கு எங்கேயோ உதைத்தது.

என்ன உதைத்தது என்பதற்கு முன் போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடிக்கு வெளியே, தேவகோட்டை சாலையிலிருந்து ஒரு மண் பாதையில் உள்ளே போனால் சின்னதாக ஒரு விலங்குக் காப்பகம் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பெயர் பரவினால் மறுநாள் விடிகாலையில் வாசலில் அட்டைப்பெட்டி இருக்குமாம். உள்ளே கண் திறக்காத குட்டிகள், பெரும்பாலும் பெட்டைகள். காப்பகத்தை நடத்துகிறவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி, பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்காவுக்கு ரசீது புத்தகம் அடித்துக் கொடுக்கப் போய் உள்ளே இழுக்கப்பட்டவன்.

சாப்பாட்டுச் செலவை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். குருணை அரிசி, பிராய்லர் கடையில் மிஞ்சும் கழுத்து, கால் என்று ஓடிவிடும். ஆளைச் சாய்ப்பது மருந்துக் கடை பாக்கிதான். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ வந்தால் வாந்தியும் ரத்தப்பேதியுமாகப் போகும். அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. நாலைந்து நாள் ட்ரிப்ஸ் ஏற்றி, உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டு, பிழைக்குமா என்று காத்திருக்க வேண்டும். மண்ணில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தனிக் கூண்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. உண்ணிக் காய்ச்சலுக்கு மூன்று நாலு வாரம் மாத்திரை. தெரு நாய்களுக்கு இணைசேரும்போது தொற்றுகிற கட்டி ஒன்று வரும், அதற்கு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நாலு முதல் ஆறு வாரம் வரை. பார்க்கவே பயமாக இருக்கும் அந்தக் கட்டி, ஊசியை விடாமல் போட்டால் பெரும்பாலும் கரைந்தே போய்விடும். நடுவில் காசு இல்லை என்று நிறுத்தினால் அதுவரை போட்டதும் வீண்.

தெரு நாய்க்குக் கருத்தடை செய்வதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டதால் எதிர்பார்ப்பும் கூடிவிட்டது. ஆனால் லாரியில் அடிபட்டுக் கிடப்பதை இரவு பதினொன்றரைக்கு யார் தூக்குவது? அது அக்காவிடம்தான் வரும். அதோடு 2025 ஆகஸ்டில் தெரு நாய்கள் பற்றி உச்ச நீதிமன்றத்தின் உத்தரவும், அதைத் திருத்தி இன்னொரு உத்தரவும் அடுத்தடுத்து வந்து, டீக்கடை டீக்கடையாகச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். “மனுசனைக் கடிக்கிற நாய்க்கு வசூலா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கேட்டவர் வீட்டுப் பையனை நாய் கடித்திருந்தது, அவரிடம் போய் என்ன வாதாட? அதனால் பணம் எதற்கு என்பதை நோட்டீஸிலேயே போட்டுவிட்டோம்: தடுப்பூசி, மருந்துக் கடை பாக்கி, தனிக் கூண்டு. வேறெதற்கும் இல்லை.

விதிகள் எளிமையாகத்தான் இருந்தன. வளர்ப்பு நாயோ தெரு நாயோ, ஒரு படம் அனுப்ப 100 ரூபாய். படங்களுக்கு எண் கொடுத்து எல்லோருக்கும் காட்டுவோம். பிடித்த நாய்க்குப் பணம் போடலாம், குறைந்தது 100. அதிகப் பணம் சேர்ந்த மூன்று நாய்களுக்குப் பரிசு. படத்தின் அழகுக்குத் தனியாக ஒரு பரிசு, அதை ஊரில் நாற்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவர் தேர்ந்தெடுப்பார். பன்னிரண்டு படங்களை வைத்துக் காலண்டர். கார்த்திகைத் தேய்பிறை அஷ்டமியன்று, பைரவர் பிறந்த நாளில், முடிவு. நாயை வாகனமாக வைத்திருக்கிற சாமி அவர்தானே. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான வைரவன்பட்டி இருக்கிற சீமையில் வேறு நாள் யோசிக்கத் தோன்றவில்லை.

பணம் போட்டவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் மிக்சி கொடுக்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். கூட்டம் அள்ளும் என்பது உண்மைதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு குலுக்கிப் பரிசு கொடுப்பதற்குப் பெயர் லாட்டரி, அது தமிழ்நாட்டில் 2003லேயே தடை செய்யப்பட்டது. மிக்சி வேண்டாம் என்று விட்டோம்.

இன்னொரு சிக்கல் செட்டிநாட்டுக்கே உரியது. இங்கே எந்த வீட்டிலும் ஒரு ஆள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். போட்டி அறிவித்த அன்றைக்கே கோலாலம்பூரிலிருந்து ஒருவர் பெரிய தொகை அனுப்புகிறேன் என்றார். மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர், மலேசியக் குடிமகன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் குடிமக்கள் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பகத்துக்கு அதற்கான பதிவோ அனுமதியோ இருக்க வேண்டும். எங்களுக்கு இல்லை. வேண்டாம் என்று சொன்னதில் அவருக்கு வருத்தம். “நாங்க ஊருக்கு அந்நியமாயிட்டமா?” என்று கேட்டார். சட்டத்துக்குத்தான் அந்நியம் ஐயா என்று சொல்லிப் பார்த்தேன், பெரிதாக எடுபடவில்லை.

சரி, ஜிம்மிக்கு வருகிறேன்.

யார் எந்த நாய்க்குப் பணம் போட்டார்கள் என்று தெரிய வேண்டும். ஜிபேயில் குறிப்பு எழுதுங்கள் என்றால் பாதிப் பேர் எழுத மாட்டார்கள், கடைக்காரனுக்குத் தெரியாதா? அதனால் நான் ஒரு தந்திரம் பண்ணினேன். தொகையின் கடைசி இரண்டு இலக்கம்தான் நாயின் எண். 23ஆம் எண் நாய்க்கு 123 ரூபாய் போடுங்கள், இல்லை 223, இல்லை 523. காப்பகத்தின் வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்த்தாலே ஓட்டு எண்ணிவிடலாம். இதை யோசித்த ராத்திரி எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஆனால் நம் ஊரில் நல்ல காரியத்துக்கு யார் நூறு ரூபாய் கொடுப்பார்கள்? நூற்றொன்றுதான் கொடுப்பார்கள். ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று. பூஜ்யத்தில் முடித்தால் உறவு அதோடு முடிந்தது என்று பொருள், ஒரு ரூபாய் கூட வைத்தால் தொடரும். மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்த கை, போனிலும் அப்படியே போட்டது. ஜிம்மியின் எண் 1. படிவம் திறந்த முதல் நிமிடத்திலேயே வங்கிக்காரர் அனுப்பிவிட்டதால் வந்த எண். முப்பத்தொரு பேர் 101, ஒன்பது பேர் 501, மூன்று பேர் 1,001. குறிப்பில் ஜிம்மி என்று எழுதியவர்கள் 11 பேர் மட்டும். மற்ற 32 பேரில் பாதிக்கு மேல் போன் போட்டுக் கேட்டேன். “போட்டியா? நாய்களுக்குன்னு சொன்னாங்க, போட்டேன்” என்றார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அறிவித்தோம்: குறிப்பு இல்லாமல் 01இல் முடிகிற தொகை எல்லாம் காப்பகத்தின் பொதுக் கணக்கு. ஜிம்மிக்கு எண் 65. அதன் பேரில் வந்த 11 பேரின் பணம் அதற்கே. வங்கிக்காரர் கோட்டையூரிலிருந்து நேரில் வந்தார். கோபப்படவில்லை. வரவுசெலவைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, “நீங்க பண்ணினது சரிதான், ஆனா என்கிட்டே சொல்லிட்டு அறிவிச்சிருக்கலாம்” என்றார். அது நியாயம். இந்தப் போட்டியில் நான் செய்த தவறுகளில் இன்னும் உறுத்துவது அதுதான். எண்ணைப் பிசகியதைவிடவும்.

வந்த படங்கள் மொத்தம் 64. காப்பகத்தின் நாய்கள் பன்னிரண்டைக் கட்டணமில்லாமல் சேர்த்திருந்தோம், மற்ற 52ம் வெளியிலிருந்து. அதில் ஒன்று பனியில் நிற்கிற ஹஸ்கி. காரைக்குடியில் பனி என்றால் மார்கழிக் காலைப் பனிதான், அதில் நாயின் கால் முட்டிவரை புதையாது. இணையத்திலிருந்து எடுத்தது என்று அனுப்பிய பையனே ஒத்துக்கொண்டு, அப்புறம் தன் வீட்டு ஹஸ்கி ஏர்கூலர் முன்னால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிற படத்தை அனுப்பினான். அதுதான் உண்மையான படம், பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

படங்களை அச்சுக்குப் பார்க்கும்போது இன்னொரு தொல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீளப் பக்கமே 1,600 பிக்சல் அளவுக்குத்தான் வந்து சேரும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் ஐந்தரை அங்குலம்கூடத் தேறாது. ஏ4 காலண்டருக்கு 3,500 வேண்டும். டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று ஐம்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வாரம் போயிற்று.

எதிர்பாராத லாபமும் ஒன்று உண்டு. எங்களுக்கு உதவுகிற கால்நடை மருத்துவர் படங்களை எல்லாம் ஒருமுறை புரட்டினார். ஒரு லாப்ரடார் எடை தாங்காமல் உட்கார்ந்திருக்கிறது, ஒன்றின் காதுக்குள் உண்ணி கொத்தாக இருக்கிறது, இன்னொன்றுக்குச் சங்கிலி கழுத்தை அறுத்திருக்கிறது என்று பெரிதுபண்ணிக் காட்டினார். சங்கிலிக்காரர் வீட்டுக்கு அக்காவே போய் வந்தார். நாயைக் குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறிக் கட்டிப்போட்டு வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளத்தூரிலிருந்து வந்த ராஜபாளையம் ஒன்று படம் எடுக்கும்போது எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. “பிடிவாதக்காரன்” என்றார் சொந்தக்காரர். வெள்ளை முடியும் ரோஸ் மூக்குமாக இருக்கிற அந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடு. பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டியபோதும் அசையவில்லை. 2005இல் தபால் தலையில் வந்த இனம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவர், அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காப்பகத்து நாய்களைக் கூண்டுக் கம்பிக்குப் பின்னால் எடுத்தால் யாருக்கும் பிடிக்காது என்று தெரியும். கானாடுகாத்தானில் தெரிந்த ஒரு வீட்டின் முகப்பைக் கேட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. முதலில் அழைத்துப் போனது கருப்பு நாய், பஸ்ஸில் அடிபட்டுப் பின்னங்கால் ஒன்றை எடுத்துவிட்டார்கள். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிற கல் அது, நாலு கால் நாயே வழுக்கும். மூன்று கால் என்ன செய்யும்? நடுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. பக்கத்து வீட்டு ஆச்சி தன் வீட்டு ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து விரித்தார். அதற்குமேல் ஏறி நின்றதும் நடுக்கம் நின்றது.

“பேரு என்ன?” என்றார் ஆச்சி.

“கருப்பன், ஆச்சி.”

“சாமி பேரை நாய்க்கு வைப்பியளாப்பா? மாத்துங்க முதல்ல. காலை மடிச்சு உக்காந்திருக்க தோரணையைப் பாரு, மைனர் மாதிரி.”

அன்றிலிருந்து அது மைனர். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவரை ஒட்டி எடுத்த முதல் பத்துப் படங்களிலும் மைனர் ஒரு கருப்பு ஓட்டையாகத்தான் விழுந்தது. சுவரின் வெள்ளைக்குப் போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. அப்புறம் ஸ்டுடியோக்காரர் சொன்னபடி ஜமுக்காளத்தை இழுத்து, தேக்கு நிலைக்கு நேராக, வீட்டின் உள்ளிருட்டு பின்னணியாக வரும்படி போட்டோம். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினோம். நாங்களும் தரையில் படுத்தோம். பக்கவாட்டில் வந்த வெயிலில் முடியின் ஓரம் மினுங்கிற்று, இரண்டு கண்ணிலும் முகப்புத் தூண் ஒன்று புள்ளியாகத் தெரிந்தது. அஷ்டமியன்று கருப்பு நாயைத் தேடிப் பிடித்துச் சோறு வைக்கிற ஊர்தான் இது. மறுநாள் நவமியில் அதே நாயைக் கல்லெடுத்து விரட்டும். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் விரட்டத் தோன்றாது என்றே நினைத்தோம்.

ஆனால் பணம்? முதல் நாலு நாளில் காப்பகத்து நாய்கள் பன்னிரண்டுக்கும் சேர்த்து மிகச் சொற்பம். தேவகோட்டை லாப்ரடார் ராக்கிக்குச் சென்னையிலிருந்து, துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து அத்தை, மாமன், சம்பந்தி என்று வந்து குவிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது: இது அழகுப் போட்டியே இல்லை, மொய். மொய் எழுதுகிறவன் சாப்பாடு ருசியா என்று பார்த்து எழுதுவதில்லை, வீடு யார் வீடு என்று பார்த்து எழுதுகிறான். காப்பகத்து நாய்க்கு வீடும் இல்லை, பங்காளியும் இல்லை. அதனால் ஐந்தாம் நாள் ஒவ்வொன்றையும் அது பிடிபட்ட தெருவின் பேரில் போட்டோம். “செக்காலைத் தெரு மைனர்” என்று. அந்தத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் சுற்றியது. பணம் வர ஆரம்பித்தது. கடைசியில் மைனருக்கு 38 பேர், 6,938 ரூபாய், மூன்றாம் இடம். ராக்கி முதல், ராஜபாளையம் இரண்டாவது. தெருவுக்கு உறவு உண்டாக்கிவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஸ்டுடியோக்காரர் தேர்ந்தெடுத்தது வேறு ஒன்று. செட்டிநாடு ரயில் நிலைய நடைமேடையில், ரயில் போன பிறகு காலியாகக் கிடக்கிற பெஞ்சுக்கு அடியில் ஒரு நாட்டு நாய், அதன் நிழல் தண்டவாளம்வரை நீண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து வந்ததிலேயே நல்ல படம். எண் 38. அதற்கு இரண்டு பேர் ஆளுக்கு 138 போட்டிருந்தார்கள், 276 ரூபாய். அந்த இரண்டில் ஒன்று என்னுடையது.

கணக்கு இதுதான். ஓட்டும் பொதுக் கணக்கும் சேர்ந்து 68,437. நுழைவுக் கட்டணம் 5,200. காலண்டர் 300 அடித்ததில் செலவு 27,000, விற்றது 240, ஒன்று 150 ரூபாய் என்று 36,000 வந்தது. பிளெக்ஸ், பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் வட்டில், கழுத்துப்பட்டை எல்லாம் 4,950. கையில் நின்றது 77,687. மருந்துக் கடை பாக்கி தீர்ந்தது, தனிக் கூண்டு மூன்று வந்தது. மிஞ்சிய 60 காலண்டர் இன்னும் என் கடைப் பரணில் இருக்கிறது. 250 அடித்திருந்தால் போதும். எண்ணிக்கை கூடினால் ஒன்றின் விலை குறையும் என்று அச்சுத் தொழிலில் இருக்கிறவனே ஆசைப்பட்டால் இப்படித்தான். இன்னொன்று, வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டவர்களில் சிலர் ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுக்க வந்தார்கள். ரொக்கத்தில் அந்த வரம்பைத் தாண்டினால் வரிச் சலுகை கிடையாது, வங்கி வழியாகப் போடுங்கள் என்று திருப்பி அனுப்பினோம். ஒருவர் திரும்பி வரவே இல்லை.

வரவுசெலவு முழுவதையும், கொடுத்தவர்களின் பெயரை மறைத்து, காப்பகச் சுவரிலும் என் கடைக் கதவிலும் ஒட்டினோம். கோயில் காரியத்துக்கு வசூலிக்கிற மகமைக்கும் புள்ளி வரிக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்துப் பழகிய ஊரில் அது இல்லாமல் முடியாது. ஒரு வாரம் கழித்து வங்கிக்காரர் வந்தார். கையில் அந்தத் தாளின் நகல், சிவப்பு மையில் கோடுகள்.

“மைனரோட எண் என்ன தம்பி?”

“51.”

“வந்த தொகை எல்லாம் 151, 251. இருபத்தாறு, பன்னிரண்டு. மொய்யில 151 எழுதறதில்லையா, 251 எழுதறதில்லையா?”

குறிப்பில் மைனர் என்றோ செக்காலை என்றோ எழுதியவர்கள் 14 பேர். மற்ற 24 பேர் மைனருக்குப் போட்டார்களா, வழக்கத்துக்குப் போட்டார்களா, இப்போது யாரைக் கேட்பது? 01இல் முடிந்ததைக் கண்டுபிடித்த நான் ஐம்பத்தொன்றைப் பார்க்கவே இல்லை. தெரு உறவு என்று நான் பெருமைப்பட்டதில் எவ்வளவு உறவு, எவ்வளவு பழக்கம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பரிசும் கொடுத்தாகிவிட்டது. மைனரை ஜமுக்காளம் கொடுத்த ஆச்சியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வட்டிலைத் திருப்பிக் கேட்பதா என்றேன். “சேச்சே, நாய் சோத்துல கை வைக்காதே” என்றார் வங்கிக்காரர்.

இந்த வருடப் படிவத்தில் தொகையில் எண் வைக்கிற தந்திரத்தை விட்டுவிடலாம் என்றேன். ஒவ்வொரு நாய்க்கும் தனி க்யூஆர் வைத்தால் தீர்ந்தது. அக்காவுக்கு மனமில்லை. பொதுக் கணக்குக்கு வந்த அந்த நூற்றொன்றுகள்தான் போன முறை கூண்டைக் கட்டின என்கிறார். அதனால் எண் 2இலிருந்து தொடங்குகிறது. முதல் ஆளாகக் கோட்டையூரிலிருந்து ஜிம்மியின் படம் வந்துவிட்டது, இந்த முறை முகம் தெரிகிறது. கூடவே ஒரு குறிப்பு: “எண் 2 வேண்டாம். 51 காலியாக இருந்தால் அதைக் கொடுக்கவும்.”